ஏட்டையா விசாரணை

“அவுகள வீட்டுக்கு விட்டுருங்க ஏட்டையா!”

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று கெசியா கெஞ்சினாள்.

ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்த வருஷம் அது. உள்ளே ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார் அவள் புருஷன் கிருபைராஜ், மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அன்று காலை தாமிரபரணியில் சாகப் போனவரைக் கரைக்கு இழுத்து வந்தவரே ஏட்டு ஐயம்பெருமாள்தான்.

“சாகப் போனா ஜெயிலு. சட்டம் அப்படி. விசாரிக்காம விட முடியாது.”

“பெத்த மகளப் பேதிக்குப் பறிகொடுத்த மனுசன். உமக்கு ஈவு இரக்கமே கெடையாதா?” கெசியாவின் அண்ணன் தானியேல் கத்தினான்.

ஏட்டு காதில் வாங்கவில்லை. முக்காலியை இழுத்து வாத்தியாருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

“சொல்லும்வே. ஏன் போனீரு?”

“நான் இருக்கதே எல்லாருக்கும் பாரம். நான் போனா அவளாவது நல்லாருப்பா.”

“அவ சொன்னாளா?”

“சொல்லணுமா? எனக்குத் தெரியும்.”

“உம்ம ஆயுசுல நல்ல நாளுன்னு ஒண்ணுமே இல்லையா?”

“இல்ல. எல்லாம் இருட்டு.”

“பொய் சொல்லாதயும்!” ஏட்டு மேஜையில் ஓங்கி அடித்தார். “கல்யாணம் கட்டினீருல்லா? அன்னைக்கு மழையா, வெயிலா?”

“ஞாபகமில்ல.”

“சொல்லாம விடமாட்டேன். மழையா, வெயிலா?”

வெயில் உச்சிக்கு ஏறியது. ஏட்டு விடுவதாக இல்லை. அதே கேள்வி, அதே அதட்டல்.

“நொந்து கெடக்க மனுசன வச்சு வேடிக்க பாக்கான், பாவி,” தானியேல் பல்லைக் கடித்தான்.

கடைசியில் வாத்தியார் வாய் திறந்தார். “மழை.”

“எதுல வந்தீரு?”

“மாட்டு வண்டி. பாதி வழியில மாடு படுத்துட்டு.”

“எங்கன?”

“பேட்டை தாண்டி. இறங்கி நடந்தேன். வேதக் கோயிலுக்குள்ள நுழையையில முழங்கால் வரைக்கும் சகதி.”

“என்ன நெறத்து மாடு?”

“செவலை.”

“மயிலை!” வாசலிலிருந்து கெசியாவின் குரல் உடைந்து வந்தது. “நம்ம ரெண்டு பேரையும் சாயங்காலம் வீட்டுக்கு ஏத்திட்டுப் போனதும் அதே மாடுதான! மயிலைலா அது!”

வாத்தியார் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். காலையிலிருந்து அப்போதுதான் பார்த்தார்.

“ஆமா. மயிலைதான்,” என்றார் பைய. உடனே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மகளை அடக்கம் செய்த அன்றுகூட அழாதவர்.

கெசியா உள்ளே ஓடினாள். ஏட்டு தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்தபின் வாத்தியார் சொன்னார்: “பசிக்கு.”

ஏட்டு எழுந்தார். “கூட்டிட்டுப் போம்மா. கஞ்சி குடு. ஒத்தையில மட்டும் விட்டுராத, யாராச்சும் கூடவே இருக்கணும். நாளைக்குக் காலையில திரும்ப இங்கன வரணும்.”

தானியேலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எதுக்கு? கோர்ட்டுல நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பவா?”

“கோர்ட்டா? நான் கேஸே எழுதலயே,” என்ற ஏட்டு, வாத்தியாரின் தோளில் கை வைத்தார். “சகதிக் காலோட போயி எப்படித் தாலி கட்டினாருன்னு இன்னும் சொல்லலியே. மிச்சத்த நான் கேக்க வேண்டாமா?”