கயிற்றின் மறுமுனை

"இன்னும் ஒரு முழம் இறக்கு! மெதுவா!"

கட்டடத்தின் வெளிச்சுவரில், கயிறு கட்டிய பலகையில் தொங்கியபடி பெயின்டர் கத்தினார். பலகை அலுங்காமல் இறங்கி நின்றது.

மொட்டைமாடியில் கயிற்றை இழுத்துப் பிடிப்பது மனைவியும் அவள் தம்பியும். மச்சான் வேறு வேலை தேடிக்கொண்டதிலிருந்து அவனோடு பேச்சில்லை. எதுவானாலும் மனைவி வழியாகத்தான். பலகையில் ஏறும்போதும் தொங்கும்போதும் அவர் மாடிப் பக்கம் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. பார்த்தால் பயம் பற்றிக்கொள்ளும்.

"உன் தம்பி நாளையிலேர்ந்து வரமாட்டானாமே?"

"ஆமாங்க." மேலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அப்ப பொண்ணு காலேஜை நிறுத்திட்டுக் கயிறு பிடிக்க வரட்டும்."

அவர் பிரஷ்ஷைத் தோய்த்தார். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. எத்தனையோ சுவர்களுக்கு நிறம் வந்தது. அவருக்கு முதுகுவலிதான் வந்தது.

"கணக்குல அவ கெட்டிக்காரிங்க. இங்கிலீஷ் எழுத்து 'ஈ'ன்னு ஒரு எண்ணாம். சுடுதண்ணி ஆறுறது, வட்டிக்கு வட்டி ஏறுறது, எல்லாத்துக்குள்ளயும் அதுதான் இருக்காம்."

"ஈயோ கொசுவோ, எவ்வளவு பெருசு அது?"

"ரெண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. புள்ளிக்கு அப்புறம் முடியவே முடியாதாம்."

"நம்ம வேலை மாதிரி." அவர் சிரிக்கவில்லை. "முழுசா மூணுகூட இல்லாத எண்ணு என்னைத் தாங்கிப் பிடிக்குமா? நீ ஒத்தையாளா பிடிச்சா, என் எலும்பைக் கூடையிலதான் அள்ளணும்."

"இன்னைக்கு எப்படி இருக்கு?"

"இன்னைக்கு ஆட்டமே இல்ல. ரெண்டு பேர் பிடிச்சா அதான். விட்டுடாதீங்க!"

"நாங்க ரெண்டு பேரும் விடமாட்டோம்."

கடைசிப் பட்டையையும் அடித்துவிட்டுத் தரையில் கால் வைத்தார். கேட்டைத் திறந்துகொண்டு, தோள்பையோடு மச்சான் தெருவிலிருந்து உள்ளே வந்தான்.

"கோபப்படாதீங்க மாமா. நேத்தே புது வேலையில சேர்ந்துட்டேன். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

பெயின்டர் சட்டென்று அண்ணாந்து பார்த்தார். மேலே மனைவி மட்டும் நின்றிருந்தாள். ஒரு கையில் கயிற்றின் நுனி. மறு கையால் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"காலேஜ் போறதுக்கு முன்னாடி உங்க பொண்ணு வந்து, கயித்தை மாடித் தூண்ல மூணு சுத்து சுத்திக் கொடுத்துட்டுப் போனா. ஒவ்வொரு சுத்துக்கும் என் கைக்கு வர்ற பாரம் மடங்கு மடங்கா குறையுமாம். அந்தக் கணக்குக்குள்ளயும் 'ஈ'தானாம்," என்றாள் களைப்பாக. "முழுசா மூணுகூட இல்லாத அந்த எண்ணுதாங்க காலையிலேர்ந்து உங்களைப் பிடிச்சிட்டிருக்கு."