ஒன்பது மணிப் புரளி

"கறுப்பு உள்ளாடை போட்டா மார்புல புற்றுநோய் வருமா? இதை எந்த மகராசன் சொன்னான் உங்களுக்கு?"

கையில் ஃபோனோடு தையல் ஆலையின் வெட்டும் பகுதிக்கே வந்துவிட்டாள் நர்ஸ். கத்தரி அக்கா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரோ அனுப்பினாங்க நர்ஸம்மா. நாலு பேருக்கு நல்லதாச்சேன்னு நம்ம ஆலை வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன்."

"கிழிச்சீங்க! போன மாசம், கட்டின்னாலே புற்றுநோய்தான், டாக்டர்கிட்ட போறது வீண்னு போட்டீங்களே. அதைப் படிச்சுட்டு எவளாவது வீட்டுலயே கிடந்திருந்தா?"

ஆலையில் இருநூறு பெண்கள். மேமோகிராம் என்ற மார்பகப் பரிசோதனை பற்றி நர்ஸ் ஒட்டிய போஸ்டரை ஒருத்திகூட நின்று படித்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார்கள். அக்காவின் புரளியோ காலை ஒன்பது மணிக்கு, நர்ஸ் நாற்காலியில் உட்காரவும் சரியாக வந்து விழும். அவளும் அடித்துப் பிடித்து உண்மையை எழுதி, மருத்துவமனை எண்ணையும் சேர்த்துப் போடுவாள். டீ நேரத்தில் குரூப்பே அந்தச் சண்டையைத்தான் படித்துச் சிரிக்கும்.

இன்று நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டியை இரண்டு மாதம் மறைத்து வைத்திருந்த பட்டன்காரிக்குப் பரிசோதனை முடிவு வரும் நாள்.

"அந்தப் பொண்ணு மட்டும் உங்க பேச்சை நம்பியிருந்தா, உங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்!"

"விடாதீங்க" என்றாள் அக்கா. ஆனால் அவள் கண் வாசலிலேயே இருந்தது.

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. "வெறும் நீர்க்கட்டியாம்! பயப்பட ஒண்ணுமே இல்லையாம்!"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரோ விசிலடித்தார்கள். நர்ஸ் இரண்டு கையையும் விரித்தாள். பட்டன்காரி அவளைத் தாண்டி ஓடிப்போய் கத்தரி அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க மட்டும் அதைப் போடலைன்னா நான் ஆஸ்பத்திரி பக்கமே போயிருக்க மாட்டேன்!"

"என்னடி உளர்றே?" என்றாள் நர்ஸ். "போகாதேன்னுல்ல போட்டாங்க?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு யாரும் எதுவும் அனுப்பினதில்லை நர்ஸம்மா. உங்ககிட்ட கேட்க வெட்கப்பட்டு, இவளுங்க என் காதுல வந்து கேட்டதுதான் அத்தனையும். கேள்வியா போட்டா யாருக்கு, எவளுக்குன்னு தோண்டித் துருவிடுவாங்க. புரளியா போட்டா திட்டு எனக்கு, பதில் இவளுங்களுக்கு. அதான், உங்க ரூம் கதவு திறந்ததைப் பார்த்துட்டுத்தான் போடுவேன்."

நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அக்காவின் காதருகே குனிந்தாள்.

"நாளைக்கு மேமோகிராம் பத்தி ஒண்ணு போடுங்க. நல்ல பெரிய பொய்யா இருக்கட்டும்."