சாய்ந்த எழுத்து

ஸ்ரெல்லா கொடுத்த கல்யாண அழைப்பிதழைக் குருநகர் அச்சகக்காரர் கனிசியஸ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்துகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் தடித்த கோடு வளைந்து மயிரிழையாய் முடிந்தது.

“சண்டையாலை கொழும்புப் பாதை பூட்டிக் கிடக்கேக்கை உந்த அச்செழுத்து ஆரிட்டையிருந்து வந்தது, பிள்ளை?”

“அதை விடுங்கோ அண்ணை. இதே அட்டை இன்னும் கொஞ்சம் வேணும்.”

“அட்டை இருக்கு. உந்த எழுத்து என்னட்டை இல்லை.” சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

“எழுத்து வேண்டாம், வெறும் அட்டை காணும்.”

“வெறும் அட்டையை வைச்சு என்ன செய்யப்போறீர்?”

“இது அச்சில்லை அண்ணை, என்ரை கை. என்ரை கலியாணத்துக்கு நானே எழுதிறன்.” அவள் பேனையை எடுத்தாள். “உங்கடை பேர்?”

“கனிசியஸ்.”

அழைப்பிதழை வாங்கி, மேலே அவர் பெயரை எழுதி நீட்டினாள். ஊரார் பெயர்களையெல்லாம் அச்சடித்தவர், தன் பெயர் இத்தனை அழகா என்று அதை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.