பின்னால் திரும்பிய விளக்கு

பழைய ஜீப் ஒன்றின் முகப்புக் கம்பிகளுக்குள் இரண்டு விளக்குகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. மேடு ஏறும்போதெல்லாம் வலது விளக்குக்கு ஒரே பேச்சுதான். "வழி காட்டுறது நாம. பின்னாடி எஞ்சின்னு ஒருத்தன் சும்மா இருமிக்கிட்டே வர்றான்." இடது விளக்கு விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஒரு அந்தி நேரம், காட்டுப்பாதையின் பாதி ஏற்றத்தில் எஞ்சின் நின்றுபோனது. எதிரே ஒற்றை யானை.

டிரைவர் ஓசைப்படாமல் பானெட்டைத் திறந்தார். அந்தக் காலத்து ஜீப் அது. திருகைத் தளர்த்தினால் விளக்கை அப்படியே பின்பக்கம் திருப்பலாம். இடது விளக்கை எஞ்சினைப் பார்க்கத் திருப்பினார்.

எஞ்சினுக்கு உடம்பெல்லாம் கரி. ஒரு வயர் கழன்று தொங்கியது.

"வா தம்பி," என்றது எஞ்சின். "இத்தனை வருஷமா உங்க குரலை மட்டும்தான் கேட்டிருக்கேன்."

இடது விளக்கு அந்த வயரின் மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சியது.

"யானை காதை விரிக்குது. அவனைச் சீக்கிரம் எழுப்புடா," என்று முன்னாலிருந்து வலது விளக்கு நடுங்கியது.

டிரைவர் வயரைச் செருகினார். எஞ்சின் உறுமியது. யானை ஓரடி முன்னால் வைத்து, என்ன நினைத்ததோ, மூங்கிலுக்குள் விலகிப் போனது. இடது விளக்கு பழையபடி முன்பக்கம் திரும்பியது.

கொஞ்ச தூரம் போனதும் வலது விளக்குக்குத் தைரியம் வந்துவிட்டது. "பார்த்தியா, யானையை நான் ஒருத்தனே முறைச்சு விரட்டினேன். அந்த இருமல்காரன் இருக்கானே..."

"மெதுவாப் பேசுங்கண்ணே," என்றது இடது விளக்கு.