கைக்கடக்கமான டார்ச்

மேஜையில் நான்கு டார்ச்சுகளைப் பரப்பிவைத்துக் கணவன் பிரசங்கத்தை ஆரம்பித்தான்.

"மூணு கடை ஏறி இறங்கிப் பொறுக்கினேன். இந்த நாலுல இதான் மலிவு. கைக்குள்ள அடங்கிடும். உன்கிட்ட வாலாட்டுறவன் மூஞ்சில லைட்ட அடிச்சா அஞ்சு நிமிஷம் கண்ணு தெரியாது."

"அந்த ஆளு நேத்தும் கையப் பிடிச்சான்," என்றாள் அவள். "நீங்க கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டா போதும்."

"வாய்ச்சண்டை எதுக்கு? அதான் டார்ச் இருக்கே. கிட்ட வந்தா பட்டுனு அடி. ஆனா கூச்சல் மட்டும் போட்டுடாதே."

"ஏன்?"

அவன் பக்கத்து அறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"என்ன இருந்தாலும் என் கூடப்பிறந்த அண்ணன். நாலு பேருக்குத் தெரிஞ்சா அவர் மனசு கஷ்டப்படாதா?"

அவள் டார்ச்சை எடுத்துக் கணவன் முகத்தில் அடித்தாள். பத்து வருஷமாக யாரோடு குடும்பம் நடத்தினோம் என்று தெளிவாகத் தெரிந்தது.