உரக்குழிக்கு ஓர் ஆள்

"இந்த வாரமும் நாலு புது ஆளா? எங்கேருந்து மேடம் புடிக்கிறீங்க?"

ஏஜென்ட் கேட்டதில் ஆச்சரியம் பாதி, வயிற்றெரிச்சல் பாதி.

"கேட்டேன், வந்தாங்க" என்றபடி பூங்காக் குழுத் தலைவி புதியவர்களுக்குக் கையுறைகளை எடுத்துக் கொடுத்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல அளந்து பேசுகிற மனுஷி.

ஏஜென்ட் அதற்கு நேர்மாறு. காலமெல்லாம் இன்ஷூரன்ஸ் விற்று ஓய்வு பெற்றவர். தன் எதிரே உட்கார்ந்தவன் எவனும் கையெழுத்துப் போடாமல் எழுந்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். இந்தத் தெருவுக்குக் குடிவந்த கையோடு பூங்காப் பராமரிப்புக் குழுவில் சேர்ந்தார். தலைவியின் ஊர் பேர்கூட விசாரிக்காமல், "ஆள் சேர்க்கிற வேலையை எங்கிட்ட விடுங்க" என்று மார்தட்டினார்.

விஷயம் விளையாட்டில்லை. பூங்காவில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும், இந்த மாதத்துக்குள் காட்டாவிட்டால் இடத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவோம் என்று நகராட்சி சொல்லியிருந்தது. குத்தகைக்காரர் என்ன செய்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்துத் தெருப் பூங்காவில் இப்போது கார்கள்தான் நிற்கின்றன.

ஏஜென்ட் வீடு வீடாகப் போனார். மரம் தரும் காற்றைப் பற்றிப் பேசினார். காற்று தரும் ஆயுளைப் பற்றிப் பேசினார். பழக்க தோஷத்தில், ஆயுள் முடிந்த பிறகு குடும்பம் என்ன ஆகும் என்பதைப் பற்றியும் பேசினார். கேட்டவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை.

அன்று பொறுக்க முடியாமல், பெஞ்சுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த புது ஆளை ஓரங்கட்டினார். அவர் பஸ் டிரைவர்.

"ஏன் சார், அந்தம்மா அப்படி என்னதான் பேசினாங்க?"

"பெரிசா ஒண்ணும் பேசலீங்க. ஞாயித்துக்கிழமை வர்றீங்களான்னாங்க."

"உடனே வந்துட்டீங்களாக்கும். நான் கேட்டப்ப ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் தூங்கறேன்னீங்க?"

டிரைவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "நீங்க கேட்டப்ப மாட்டேன்னு சொல்ல முடிஞ்சுது சார்."

பக்கத்தில் வேலிச்செடியை வெட்டிக்கொண்டிருந்த நூலகரும் சேர்ந்துகொண்டார். "என் கதையும் அதேதான். எந்திரிச்சு ஓடவா முடியும்?"

ஏஜென்ட்டுக்குச் சுருக்கென்றது. மேற்கொண்டு துருவுவதற்குள் தலைவி எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார்.

"எல்லா வேலைக்கும் ஆள் கெடைச்சாச்சு. உரக்குழிக்கு மட்டும் இல்ல."

உதிர்ந்த இலையும் அக்கம்பக்கத்துக் காய்கறிக் கழிவும் மக்கிக் கிடக்கும் குழி அது. வாரம் ஒரு தடவை உள்ளே இறங்கிக் கிளறிவிட வேண்டும். வாடை தெருமுனை வரை வந்து வரவேற்கும்.

"நீங்களே பார்த்துக்கறீங்களா சார்?" என்று தலைவி ஏஜென்ட்டைப் பார்த்தார்.

ஏஜென்ட் எழுந்து நின்றார். முதுகு வலி என்றார். மூக்குக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். வீட்டில் அந்த வாடையோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்றார். கடவுள் கொடுத்த பேச்சுத் திறமையைக் குழிக்குள் போட்டு மக்கவிடலாமா என்றும் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கே பாவமாகப் போய்விட்டது.

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு ஆளோட வர்றேன். வரலைன்னா என்னை ஏஜென்ட்டுன்னே கூப்பிடாதீங்க" என்று சபதமும் போட்டார்.

"சரி, பார்க்கலாம்" என்றார் தலைவி.

வாரமெல்லாம் நாயாய் அலைந்தார். தெருவில் அவர் தலை தெரிந்ததும் கடைக்காரர்கள் வியாபாரத்தைக்கூடப் பார்க்காமல் ஷட்டரை இறக்கினார்கள். பூங்காவில் கார் நிற்பதுபோலக் கனவு வந்தது. தன் ஒருவனால் அது நடந்துவிடுமோ என்று உண்மையிலேயே பயந்துபோனார். ஆனாலும் தானே குழியில் இறங்குவதை மட்டும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை எழுந்தபோது கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறித்தது. கன்னம் வீங்கியிருந்தது.

"ஊரெல்லாம் பேசிப் பேசியே பல்லைக் கெடுத்துக்கிட்டீங்க" என்றாள் மனைவி. "கெளம்புங்க. எதிர்வீட்டு அக்கா ஒரு டாக்டரைச் சொன்னாங்க. நல்ல கைராசியாம். வலியே தெரியாதாம்."

அங்கே போனதும் சாய்வு நாற்காலியில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. முகக்கவசம் போட்ட டாக்டர் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசி போட்டு, இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்து, கண்ணாடியையும் குறடையும் வாய்க்குள் விட்டார். ஏஜென்ட்டின் நாக்கு புரள இடமில்லை.

"வாயை மூடாதீங்க. தலையையும் ஆட்டாதீங்க."

எங்கோ கேட்ட குரலாக இருந்தது. ஏஜென்ட் கண்ணை உருட்டி மேலே பார்த்தார்.

"இப்ப சொல்லுங்க சார்" என்று குறடை இறுக்கிப் பிடித்தார் பூங்காக் குழுத் தலைவி. "அந்த உரக்குழியை நீங்களே பார்த்துக்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?"