உள்நாட்டு பிளேடு

உள்நாட்டு பிளேடால் சவரம் செய்த அப்பாவின் கன்னத்தில் அன்றும் ரத்தம்.

"தேசபக்தி போதும்ப்பா, இதை வச்சுக்கோங்க," என்று மகள் வெளிநாட்டு ரேசரை நீட்டினாள்.

"வேண்டாம்மா."

"கட்சிக்காரங்களே மாறிட்டாங்க, இவர் மாறலை," என்று அம்மா சலித்துக்கொண்டாள்.

"நான் எந்தக் கட்சியில இருந்தேன்?" அப்பா சிரித்தார். "அந்தக் காலத்துல வெளிநாட்டு பிளேடு வாங்கத்தான் மணிக்கூண்டுக் கடைக்குப் போனேன். வாசல்ல மறியல். தொண்டை கட்டிப்போன ரெட்டைச் சடைப் பொண்ணு ஒருத்தி, இனிமே தொடமாட்டேன்னு சத்தியம் கேட்டா. கையில அடிச்சுக் கொடுத்துட்டேன்."

அம்மா திகைத்துப்போனாள். "அங்க நின்னது நான்தானே! எத்தனையோ பேர்கிட்ட சத்தியம் வாங்கினேன். அதுல நீங்களும் உண்டா? சொல்லவேயில்லையே!"

"மறு மாசமே பொண்ணு கேட்டு உங்க வீட்டுக்கு வந்தேனே, அது பின்னே எதுக்காம்?"